கடலூரிலிருந்து ஏ பிளஸ் தேர்வுக்குத் தயாராவது எப்படி?

மஞ்சக்குப்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான் சொல்லிக்கொடுத்தார்கள்: "ஃபார்மட் அடிச்சிடு." சிஸ்டம் மெதுவாக ஓடினால் ஃபார்மட். வைரஸ் வந்தால் ஃபார்மட். பிரிண்டர் வேலை செய்யாவிட்டாலும் கடைசியில் ஃபார்மட்தான். மூன்று வருடம் அப்படியே ஓட்டினேன். பிறகு கம்ப்டியா என்ற அமைப்பு கம்ப்யூட்டர் பழுது, சப்போர்ட் வேலைக்குச் சான்றிதழ் தர நடத்தும் ஏ பிளஸ் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தபோது, மாதிரித் தேர்வில் எனக்குத் தெரிந்த விஷயங்களிலேயே தப்பு தப்பாக விடை போட்டேன். எனக்குப் பொருள் தெரிந்திருந்தது, வரிசை தெரியவில்லை. அந்தத் தேர்வு கேட்பதே வரிசையைத்தான். எதை முதலில் செய்வாய், அதற்கடுத்து எதைச் செய்வாய் என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்கும்.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் டிப்ளமோவோ பி.சி.ஏ.வோ முடித்துவிட்டு, டெஸ்க்டாப் சப்போர்ட் வேலைக்குப் போக நினைக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். பட்டம் இல்லாதவர்களும் படிக்கலாம். இந்தத் தேர்வு எழுதப் பட்டம் தேவையில்லை. ஓராண்டு கைப்பழக்கம் இருந்தால் நல்லது என்று கம்ப்டியா பரிந்துரைக்கிறது, கட்டாயம் இல்லை.

தேர்வு எப்படி இருக்கும்

ஏ பிளஸ் என்பது இரண்டு தேர்வுகள். கோர் 1-இன் எண் 220-1201, கோர் 2-இன் எண் 220-1202. இரண்டும் 2025 மார்ச்சில் வந்தவை. அதற்கு முந்தைய 1101, 1102 தேர்வுகள் 2025 செப்டம்பரோடு நின்றுவிட்டன. பழைய புத்தகம் பாதி விலைக்குக் கிடைத்தால் வாங்கலாம், அடிப்படை பெரிதாக மாறவில்லை. ஆனால் அட்டையில் 1101 என்று இருந்தால், புதிய பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

ஒவ்வொரு தேர்விலும் அதிகபட்சம் 90 கேள்விகள், 90 நிமிடம். மதிப்பெண் 100 முதல் 900 வரையுள்ள அளவுகோலில் வரும். கோர் 1-க்கு 675, கோர் 2-க்கு 700 எடுத்தால் தேர்ச்சி. இதைச் சதவீதமாக மாற்றிப் பார்த்துக் குழம்பாதீர்கள். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளோடு, திரையிலேயே ஒரு வேலையைச் செய்து காட்டச் சொல்லும் கேள்விகளும் சில வரும். ஒரு அலுவலகத்தின் வைஃபை ரவுட்டரை அமைக்கச் சொல்வார்கள், அல்லது பாகங்களை இழுத்து உரிய இடத்தில் வைக்கச் சொல்வார்கள்.

கோர் 1-இல் ஹார்டுவேர் 25 சதவீதம், நெட்வொர்க் 23, மொபைல் சாதனங்கள் 13, விர்ச்சுவலைசேஷனும் (ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்றை ஓட்டுவது) கிளவுடும் (இணையம் வழியாக வேறிடத்துக் கம்ப்யூட்டர்களைப் பயன்படுத்துவது) 11. மீதி 28 சதவீதம் பழுது கண்டுபிடிப்பது. பெரிய பங்கு எதற்கு என்பதைக் கவனியுங்கள்.

முதலில் பாடத்திட்டத்தை அச்செடுங்கள்

கம்ப்டியாவின் இணையதளத்தில் எக்ஸாம் ஆப்ஜெக்டிவ்ஸ் என்ற பெயரில் முழுப் பாடத்திட்டமும் இலவசமாகக் கிடைக்கிறது. அதை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அச்செடுத்து, ஸ்பைரல் போட்டுக்கொள்ளுங்கள். போனில் வைத்துக்கொண்டால் நீங்கள் அதைத் திறக்கவே மாட்டீர்கள்.

பிறகு ஒரு பென்சிலோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். கையால் செய்திருக்கிறேன் என்றால் ஒரு குறி, அடுத்தவருக்கு விளக்கிச் சொல்ல முடியும் என்றால் இன்னொரு குறி, பெயர் மட்டும்தான் தெரியும் என்றால் வட்டம். நேர்மையாகப் போடுங்கள், வேறு யாரும் பார்க்கப் போவதில்லை. சர்வீஸ் கடையில் வேலை செய்கிறவர்களுக்கு ஹார்டுவேர் பக்கத்தில் வட்டமே இருக்காது, கிளவுட் பக்கம் முழுக்க வட்டமாக இருக்கும். கல்லூரியிலிருந்து நேராக வருகிறவர்களுக்கு அப்படியே தலைகீழ். உங்கள் படிப்பு வட்டங்களிலிருந்து தொடங்க வேண்டும்.

வீடியோ பார்த்துப் படிக்க விரும்புகிறவர்களுக்கு, புரொஃபசர் மெஸ்ஸர் என்பவர் யூடியூப்பில் ஏ பிளஸ் பாடம் முழுவதையும் இலவசமாகப் போட்டிருக்கிறார். ஆங்கிலம்தான். வேகத்தைக் குறைத்து, சப்டைட்டிலை ஆன் பண்ணிப் பாருங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பதென்றால் கோர் 1-க்கு இரண்டரை மாதமாவது ஒதுக்குங்கள். ஒரே மாதத்தில் முடித்துவிடலாம் என்று சொல்கிறவர்கள் பேச்சை நான் நம்புவதில்லை.

ஒரு பழைய சிஸ்டத்தை வாங்கிப் பிரியுங்கள்

புத்தகத்துக்குச் செலவு செய்வதற்கு முன் ஒரு பழைய டெஸ்க்டாப் வாங்குங்கள். ஓடாததாக இருந்தால் இன்னும் நல்லது. எந்த சர்வீஸ் கடையின் மாடியிலும் நாலைந்து கிடக்கும்.

நம் ஊருக்கு இதில் ஒரு தனி அனுகூலம் உண்டு. கடற்காற்று. துறைமுகப் பக்கத்திலோ தேவனாம்பட்டினத்திலோ நாலைந்து வருடம் ஓடிய ஒரு சிபியுவைத் திறந்தால், உள்நாட்டு ஊரில் பத்து வருடம் ஆனாலும் பார்க்க முடியாததைப் பார்க்கலாம். பக்கத்துத் தகட்டின் ஸ்குரூ துரு ஏறி, ஸ்குரூ டிரைவர் வழுக்கும். மின்விசிறி இறக்கைகளில் ஒட்டியிருக்கும் தூசி சாம்பல் போல உதிராது, ஈரம் குடித்த மாவு போலப் பிசுபிசுக்கும். ரேமைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கீழ் விளிம்பில் இருக்கும் தங்கநிறப் பற்களில் சில மங்கிப் போயிருக்கும், ஓரத்தில் பச்சையாகக்கூட ஏதாவது படிந்திருக்கும். "டிஸ்பிளே வரல" என்று நம் ஊரில் வரும் கேஸ்களில் பாதிக்கு அந்த மங்கல்தான் காரணம் என்பது என் அனுபவம்.

கடையில் நாங்கள் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, வாயால் ஊதி, திரும்பச் செருகிவிடுவோம். பெரும்பாலும் ஓடவும் ஓடும். தேர்வில் அந்த விடையைத் தேடாதீர்கள். உடம்பின் நிலைமின்சாரம் பாகத்தைக் கெடுக்காமலிருக்கக் கையில் ஆன்டி ஸ்டாட்டிக் பட்டை, ஐசோபுரொபைல் ஆல்கஹால், நூல் உதிராத துணி, கழற்றிய பாகத்துக்கு ஆன்டி ஸ்டாட்டிக் பை, இதுதான் தேர்வு எதிர்பார்க்கும் ஒழுங்கு. வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போகும், அழுத்தக் காற்று டப்பாவைப் பயன்படுத்த வேண்டும். எனக்கு ஆரம்பத்தில் இது பணக்கார நாட்டுச் சட்டமாகத் தோன்றியது. இன்றைக்கு என் பையில் அந்த ஆல்கஹால் பாட்டில் இருக்கிறது.

பிரித்ததை ஒரு நோட்டில் வரையுங்கள். மதர்போர்டுக்குப் போகும் பவர் கனெக்டரில் 24 பின். ஹார்டு டிஸ்க்கை இணைக்கும் சாட்டா டேட்டா கேபிளில் 7, சாட்டா பவரில் 15. டிடிஆர்3 ரேமுக்கு 240 பின், டிடிஆர்4-க்கும் டிடிஆர்5-க்கும் 288. எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் வெட்டு இருக்கும் இடம் வேறு, அதனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. தேதியும் நேரமும் ஒவ்வொரு தடவையும் பழையபடி மாறிவிடுகிறதா? சிஆர் 2032 பேட்டரி, 3 வோல்ட், மதர்போர்டின் மேலேயே வட்டமாக இருக்கும். எண்களைக் கண்ணால் எண்ணிப் பாருங்கள். அப்படிப் படித்தது தேர்வு அறையில் மறக்காது.

லேசர் பிரிண்டருக்கு ஒரு குறுக்குவழி. தெரிந்த ஜெராக்ஸ் கடைக்காரர் இருந்தால் ஒரு மதியம் அவரோடு உட்காருங்கள். தாளில் அச்சான எழுத்து விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தால், சூட்டால் மையைத் தாளில் பதிய வைக்கும் ஃப்யூசர் சூடாகவில்லை. ஒரே இடைவெளியில் ஒரு கறை திரும்பத் திரும்ப விழுந்தால் டிரம்மையோ உருளையையோ சந்தேகப்படுங்கள். இதைப் புத்தகத்தில் நாலு பக்கம் படிப்பதற்குள் அவர் நாலு வாக்கியத்தில் சொல்லிவிடுவார்.

நெட்வொர்க்: கேபிளிலிருந்து தொடங்குங்கள்

கொஞ்சம் கேட் 6 நெட்வொர்க் கேபிள், அதன் முனையில் மாட்டும் ஆர்ஜே 45 கனெக்டர் பத்து, அதை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூல், ஒரு சாதாரண டெஸ்டர் வாங்கிக்கொள்ளுங்கள். கேபிளின் எட்டு வயரையும் அடுக்கும் டி568பி வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பிரவுன், பிரவுன். பச்சை ஜோடி பிரிந்து, நடுவில் நீல ஜோடி உட்காருவதுதான் புதிதாகச் செய்கிறவர்களைத் தடுமாற வைக்கும். ஜோடி ஜோடியாகவே அடுக்கினால், இரண்டு முனையிலும் ஒரே தப்பைச் செய்திருப்பதால் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். ஆனால் லைனில் வேகம் வராது, அல்லது விட்டு விட்டு வரும். எட்டும் எரிந்ததே என்று நம்பி நான் ஒரு கடையில் அரைநாள் ரவுட்டரைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்து, கட்டளைகளை அடிக்கும் விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்ட். ஐபிகான்ஃபிக் என்று அடித்தவுடன் வரும் முகவரியை வாசிக்கப் பழகுங்கள். 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் உள் நெட்வொர்க் முகவரி. 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவையும் அப்படித்தான். 169.254 என்று தொடங்கினால், முகவரி கொடுக்க வேண்டிய டிஹெச்சிபி பதில் சொல்லவில்லை, சிஸ்டம் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். இதற்கு மேல்தான் யோசனை. ஒரே ஒரு மிஷினில் இப்படி இருந்தால் அதன் கேபிளையும் நெட்வொர்க் கார்டையும் பாருங்கள். அறையில் உள்ள எல்லாவற்றிலும் இருந்தால் ரவுட்டர் பக்கம் போங்கள். இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே எத்தனையோ கேள்விகள் அமைக்க முடியும்.

ஒவ்வொரு நெட்வொர்க் சேவைக்கும் உரிய போர்ட் எண்களுக்கு மட்டும் மனப்பாடம் தவிர வேறு வழியில்லை. எஸ்எஸ்ஹெச் 22, எஸ்எம்டிபி 25, டிஎன்எஸ் 53, டிஹெச்சிபி 67, 68, ஹெச்டிடிபி 80, ஹெச்டிடிபிஎஸ் 443, எஸ்எம்பி 445, ரிமோட் டெஸ்க்டாப் 3389. ஒரு அட்டையில் எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டுங்கள்.

ஆறு படிகள்

இந்தத் தேர்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கம்ப்டியா சொல்லும் பழுது பார்க்கும் முறைக்கு ஆறு படிகள்: பிரச்சினை என்ன என்று அறிவது, காரணம் எதுவாக இருக்கலாம் என்று ஊகிப்பது, அந்த ஊகத்தைச் சோதிப்பது, திட்டம் போட்டுச் சரிசெய்வது, எல்லாம் முழுதாக ஓடுகிறதா என்று பார்த்து மறுபடி வராமல் தடுப்பது, செய்ததை எழுதி வைப்பது.

பழைய நகரத்தில் ஒரு அரிசி மண்டி. பில் போடும் கம்ப்யூட்டர் ஓடவில்லை. எனக்கு முன்பே வந்து பார்த்த ஒருவர், மதர்போர்டு போய்விட்டது, புதிதாகத்தான் போட வேண்டும் என்று விலை சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் கையில் ஸ்குரூ டிரைவரை எடுக்காமல் முதலாளியிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"எப்போதிலிருந்துங்கய்யா இப்படி?"

"காலையில இருந்துதாம்பா. ஆன் பண்ணா பீப்பு பீப்புன்னு கத்துது, டிவில ஒண்ணும் தெரியல."

"நேத்து ராத்திரி நல்லா ஓடுச்சா?"

"ஓடுச்சே. பில்லு போட்டுட்டுதான கடைய சாத்தினேன்."

"அதுக்கப்புறம் யாராச்சும் இத தொட்டாங்களா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "வெள்ளையடிக்கிற ஆளுங்க வந்தாங்க. அந்த மூலையில இருந்து இந்த மூலைக்கு நவுத்தி வெச்சானுங்க."

நகர்த்திய மிஷின், பீப் சத்தம், படம் வரவில்லை. ரேம் அசைந்திருக்கலாம் என்பது என் ஊகம். பவரை எடுத்துவிட்டு, இரண்டு ரேமையும் கழற்றிச் சுத்தம் செய்து, ஒன்றை மட்டும் அழுத்திச் செருகினேன். படம் வந்தது. அங்கேயே பையை மூடிவிடவில்லை. இரண்டாவது ரேமையும் போட்டு, இரண்டு தடவை ரீஸ்டார்ட் செய்து, பில் மென்பொருளைத் திறந்து, முதலாளியையே ஒரு பில் அடிக்கச் சொல்லிப் பார்த்தேன். சிபியுவைத் தரையிலிருந்து தூக்கி மரப்பலகை மேல் வைத்தோம். தேதி, என்ன பழுது, என்ன செய்தேன் என்று என் நோட்டிலும் அவர் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்திலும் எழுதினேன்.

இப்போது இதையே தேர்வுக் கேள்வியாக யோசித்துப் பாருங்கள். "ரேமை மாற்றியதும் சிஸ்டம் ஓடியது. டெக்னீஷியன் அடுத்து என்ன செய்ய வேண்டும்?" விடைகளில் எழுதி வைப்பதும் இருக்கும், முழுதாக ஓடுகிறதா என்று சோதிப்பதும் இருக்கும். இரண்டும் நல்ல வேலைதான். ஆனால் அடுத்தது என்றால் சோதிப்பது, எழுதுவது அதற்குப் பிறகு. ஆறு படிகளையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் பதிய வையுங்கள். நீங்கள் கடையில் பார்க்கும் ஒவ்வொரு கேஸையும் இந்த ஆறில் பிரித்து எழுதிப் பழகுங்கள். முப்பது கேஸ் எழுதினால் போதும், கேள்வியைப் பார்த்ததும் எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரிந்துவிடும்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு

தேர்வு தமிழில் இல்லை. நானும் தமிழ்வழியில் படித்தவன், அதனால் சொல்கிறேன், இதற்குப் பெரிய ஆங்கிலம் தேவையில்லை. கேள்விகள் ஒரே வார்ப்பில் வரும்: ஒரு பயனர் புகார் சொல்கிறார், டெக்னீஷியன் சிலதைப் பார்த்துவிட்டார், இப்போது என்ன? கடைசி வாக்கியத்தை முதலில் படியுங்கள். அதில் ஃபர்ஸ்ட், நெக்ஸ்ட், பெஸ்ட், மோஸ்ட் லைக்லி என்று ஏதாவது ஒன்று பெரிய எழுத்தில் இருக்கும். ஃபர்ஸ்ட் என்றால் செலவும் சேதமும் குறைந்த, எளிய சோதனை. பெஸ்ட் என்றால் நாலுமே ஓரளவு சரி, கேள்வியில் சொன்ன நிபந்தனைக்கு எது பொருந்துகிறதோ அது. அதன் பிறகு மேலே போய்க் கதையைப் படியுங்கள்.

தெரியாத சொற்களுக்குத் தனி நோட்டு போடுங்கள். இன்டர்மிட்டன்ட் என்றால் விட்டு விட்டு வருவது, லேட்டன்சி என்றால் தாமதம், மிட்டிகேட் என்றால் பாதிப்பைக் குறைப்பது. இப்படி இருநூறு சொற்களுக்குள் அடங்கிவிடும்.

கோர் 2 சுருக்கமாக

விண்டோஸ் முதலிய இயங்குதளங்கள் 28 சதவீதம், பாதுகாப்பு 28, மென்பொருள் பழுது 23, பணி நடைமுறை 21. கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருள் இலவசம். அதில் விண்டோஸ் 11-ஐயும் ஒரு லினக்ஸையும் ஏற்றி, உடைத்து, சரிசெய்து பாருங்கள். விண்டோஸின் ஹோம் பதிப்பில் சிஸ்டத்தின் கட்டுப்பாடுகளை அமைக்கும் குரூப் பாலிசி எடிட்டர் இல்லை, அலுவலகக் கம்ப்யூட்டர்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைனில் சேர முடியாது. புரோ பதிப்பில் இரண்டும் உண்டு. இந்த மாதிரி வேறுபாடுகளைக் கேட்பார்கள். வைரஸ் கேள்வியில், உறுதி செய்தவுடன் முதல் வேலை அந்த மிஷினை நெட்வொர்க்கிலிருந்து பிரிப்பது. சுத்தம் செய்வது அதற்கப்புறம்தான்.

பணி நடைமுறையைப் பலர் கதை என்று தள்ளிவிடுகிறார்கள். ஈரப்பதம், யுபிஎஸ், சர்ஜ் புரொடெக்டர், பேக்கப் எல்லாம் அதில்தான் வருகின்றன. 2011 டிசம்பர் 30-இல் தானே புயலையும், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயலையும் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. புயலுக்குப் பிறகு தண்ணீர் புகுந்த சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் பேக்கப் வைத்திருந்தவர்களைத் தேட வேண்டியிருந்தது. பேக்கப்பில் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்ற 3-2-1 விதியை அந்த நினைவோடு படியுங்கள்.

பதிவு செய்யும்போது பெயரில் கவனம்

தேர்வை நடத்துவது பியர்சன் வியூ. அவர்கள் தளத்தில் புதுச்சேரி என்றும் சென்னை என்றும் இரண்டையும் போட்டு மையத்தைத் தேடிப் பாருங்கள். சென்னை என்றால் அதிகாலை பஸ்ஸை நம்பாதீர்கள். முந்தின நாளே போய்விடுங்கள், அல்லது தேர்வு நேரத்தைப் பிற்பகலுக்கு வாங்குங்கள்.

நமக்கு வரும் பெரிய சிக்கல் இனிஷியல். படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நம்மில் பலர் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, பான் அட்டையில் இன்னொரு மாதிரி வைத்திருக்கிறோம். எனக்குத் தெரிந்த ஒரு பெண் ஓரெழுத்து இனிஷியலோடு பதிவு செய்துவிட்டு, அடையாள அட்டையில் அப்பா பெயர் விரிவாக இருந்ததால் மைய வாசலிலிருந்தே திரும்பி வந்தாள். கட்டிய பணமும் போனது. எந்த அட்டையைக் காட்டப் போகிறீர்களோ, அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பதிவு செய்யுங்கள். பாஸ்போர்ட் இருந்தால் அதைக் காட்டுவதே நல்லது. இரண்டாவதாகக் கையெழுத்துள்ள ஓர் அட்டையும் எடுத்துப் போங்கள். ஆதாரில் கையெழுத்து இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

வீட்டிலிருந்தே எழுதும் வசதியும் உண்டு. தனி அறை, கேமரா, நிற்காத இணையம், நிற்காத கரண்ட் எல்லாம் வேண்டும். நடுவில் யாரும் அறைக்குள் வரக் கூடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் ஊரில் வீட்டிலிருந்து எழுதாதீர்கள் என்பதுதான் என் யோசனை.

"கேள்வி அப்படியே வரும்" என்று டம்ப், அதாவது தேர்விலிருந்து கசிந்த கேள்வித் தொகுப்பு, விற்கிறவர்கள் உங்களிடமும் வருவார்கள். ஒரு பயிற்சி மையமே எனக்கு அதை விற்கப் பார்த்தது. கம்ப்டியாவின் ஒப்பந்தத்தில் அது தடை செய்யப்பட்டிருக்கிறது, பிடிபட்டால் சான்றிதழையே ரத்து செய்யலாம். அதைவிட முக்கியமாக, வேலையில் சேர்ந்த முதல் வாரமே உங்கள் முன்னால் ஓடாத மிஷினோடு ஒருவர் நிற்பார். அவருக்கு டம்ப் உதவாது.

தேர்வு அறையில்

செய்து காட்டும் கேள்விகள் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே வரும். பார்த்துவிட்டு, கொடி குறி போட்டு, தள்ளி வையுங்கள். மற்றவற்றை முடித்துவிட்டு அவற்றுக்குக் குறைந்தது 25 நிமிடமாவது மீதம் வைத்துத் திரும்புங்கள். தப்பான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, எதையும் காலியாக விடாதீர்கள். தேர்வு தொடங்கியதும் அவர்கள் கொடுக்கும் பலகையில் ஆறு படிகளையும் போர்ட் எண்களையும் எழுதி வைத்துக்கொண்டால் மனம் அடங்கும்.

முடித்தவுடனே முடிவு தெரிந்துவிடும். தவறினால், எந்தப் பகுதிகளில் இடறினீர்கள் என்று அறிக்கையில் இருக்கும். இரண்டாவது முயற்சிக்குக் காத்திருப்புக் காலம் இல்லை, மூன்றாவதற்கு 14 நாள் காத்திருக்க வேண்டும். காத்திருக்கத் தேவையில்லை என்பதற்காக மறுநாளே பணம் கட்டாதீர்கள். அறிக்கையில் உள்ள வரிகளைப் பழைய ஸ்பைரல் நோட்டில் மறுபடி வட்டம் போட்டு, அவற்றைக் கையால் செய்து பார்த்த பிறகு பதிவு செய்யுங்கள்.

கோர் 1 தேறினால், ஒரு வாரம் ஓய்வெடுத்துவிட்டு கோர் 2-க்குத் தேதி வாங்கிவிடுங்கள். இரண்டும் ஒரே வரிசை எண்ணில் இருந்தால்தான் சான்றிதழ் வரும், 1201 தேறியவர் 1202-தான் எழுத வேண்டும். சான்றிதழ் மூன்றாண்டு செல்லும். அந்தத் தேதியையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.